முட்டையின் வயது

மார்லா டோல்மனின் வயிற்றை ஓட்டைப் பானை என்று ஜோசலின் விட்டேக்கர் சொன்னது தனியறையில் அல்ல. வாடகைத் தாய் ஏற்பாடு செய்யும் ஏஜென்சிக்காரர்கள் வருடா வருடம் நாம்ப்பா ஊர்ப் பூங்காவில் நடத்தும் கோடை விருந்தில், தர்பூசணித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சுற்றி நின்ற வாடகைத் தாய்மார்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னாள். "நாங்க நல்ல கருவாத்தான் குடுக்கறோம். ஓட்டைப் பானையில ஊத்தினா எப்படித் தங்கும்?" சொல்லிவிட்டு விதையை நாசூக்காகக் காகிதக் கைக்குட்டையில் துப்பினாள். படித்தவள் அல்லவா.

மார்லா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தெரியாதவள் அல்ல. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் நானூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் நிறுத்துகிறவள். மூன்று பிள்ளைகளை மூன்று தும்மலில் பெற்றவள் என்று அவள் புருஷன் டெரல் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான். ஆனால் ஜோசலினின் கரு இரண்டு முறை அவள் வயிற்றுக்குள் வைக்கப்பட்டு, இரண்டு முறையும் தங்காமல் போயிருந்தது. போனது போனதுதானே. எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

நாம்ப்பா இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் தெருவுக்கு ஒருத்தியாவது யாரோ ஒருவருக்குப் பிள்ளை சுமந்துகொண்டிருப்பாள். அதில் ஒளிவுமறைவு கிடையாது. சோடாக் கடை ஜன்னலில் கார்களை நிறுத்தி, வாளி போன்ற கோப்பையில் தேங்காய்ப் பாகு ஊற்றிய சோடாவை வாங்கிக்கொண்டு, யாருக்குத் தங்கியது, யாருக்குத் தங்கவில்லை என்று பேசித் தீர்ப்பார்கள். காபி தொடக் கூடாது என்கிற தேவாலயச் சபைக்காரர்களுக்கு வேறு என்ன இருக்கிறது, சோடாவும் வம்பும்தான். ஓட்டைப் பானை என்ற பேர் ஒரே வாரத்தில் அந்த ஜன்னலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஏன் தங்கவில்லை என்பதற்கு ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஜோசலினைக் கேட்டால் சோடா. சியாட்டிலில் ஏதோ பெரிய கட்டிட நிறுவனத்தில் நூறு பேரை மேய்க்கிறவள் அவள்; கட்டி வந்து கருப்பையை எடுத்துவிட்டார்கள்; அதனால் மார்லாவின் கருப்பையை மேய்க்கத் தொடங்கியிருந்தாள். காலையில் என்ன தின்றாய், எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று தினமும் போனில் கேள்வி வரும்.

டெரலைக் கேட்டால் உருளைக்கிழங்கு வறுவல். கருவை வைத்துவிட்டு வெளியே வந்தவுடன் நேராகப் போய் உப்புப் போட்ட வறுவல் தின்ன வேண்டும் என்பது வாடகைத் தாய்மார்கள் எல்லாரும் விடாமல் செய்கிற சடங்கு. ஜோசலின் அதைத் தடுத்து, கரு ஒட்ட நல்லது என்று அன்னாசிப்பழத்தின் நடுத்தண்டைக் கையில் கொடுத்தாள். "தண்டைத் தின்னா எப்படிடி ஒட்டும்? இந்த ஊரே உருளைக்கிழங்குல வளந்த ஊரு," என்பான் டெரல்.

மார்லாவுக்கு மட்டும் வேறொரு காரணம் இருந்தது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. இரண்டாவது கரு வைத்த மறுநாள் வீட்டு முன்னால் டெரலின் வண்டி பனியில் மாட்டிக்கொண்டது. அவன் உள்ளே உட்கார்ந்து முடுக்க, இவள் பின்னால் நின்று தள்ளினாள். பழக்கதோஷம்; யோசிக்காமல் தோளைக் கொடுத்துவிட்டாள். பத்து நாள் கழித்து ரத்தப் பரிசோதனையில் கரு தங்கவில்லை என்று வந்தபோது, தோளில் அந்த வண்டியின் கனம் திரும்ப வந்து உட்கார்ந்தது. அப்புறம் இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லாரும் தலைகுனிந்து எதை எதையோ வேண்டுவார்கள். மார்லா அந்த இரண்டையும் நினைத்து மன்னிப்புக் கேட்பாள்.

மூன்றாவது முறை தங்கியது.

இந்தத் தடவை டெரல் காரிலேயே ஒரு பொட்டலம் வறுவலை ஒளித்து வைத்திருந்தான். மார்லா சோடாவை அறவே விட்டிருந்தாள். ஒரு வாரம் குனிந்து செருப்பைக்கூட எடுக்கவில்லை. ஜோசலின் போனில் வாழ்த்துச் சொன்ன அழகைக் கேளுங்கள். "பாத்தியா மார்லா? என் முட்டையில ஒரு குறையும் இல்ல. நீ ஒழுங்கா இருந்த, தங்கிடுச்சு. மொதல்லயே இப்படி இருந்திருக்கலாம்ல?"

மார்லா போனைப் பாத்திரத் தொட்டி ஓரம் வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

பிறகு பக்கத்து நகரமான பாய்சியில் இருக்கும் பிரசவ மருத்துவமனைக்கு முதல் தடவை போனார்கள். ஜோசலின் விமானத்தில் வந்திருந்தாள். அவள் புருஷன் ராஸ் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான். நல்ல மனிதன்தான், ஆனால் எங்கேயும் ஐந்து நிமிடம் பிந்தித்தான் வருவான். சியாட்டில் மருத்துவமனையிலிருந்து வந்த தாள்களில் கருவை என்றைக்கு வைத்தார்கள் என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாததால், பரிசோதனைகளை விளக்குகிற செவிலி இமெல்டா நேரடியாகவே கேட்டாள்.

"முட்டை யாரோடது? அவங்களுக்கு வயசு என்ன?"

கேட்டவள் இமெல்டா. ஆனால் ஜோசலின் பதிலை மார்லாவைப் பார்த்துச் சொன்னாள். "என்னோடதுதான். நாப்பத்தி நாலு. முட்டை எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு."

மார்லா தலையைக் குனிந்துகொண்டாள். இமெல்டா கணினியில் எதையோ தட்டிவிட்டு ரத்தம் எடுக்க அனுப்பினாள். ராஸ் வந்து சேர்ந்தபோது அடுத்த அறைக்குப் போயிருந்தார்கள்.

முடிவு வந்த நாளில் மார்லா பள்ளியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மருத்துவமனையிலிருந்து பேசியவள் மெதுவாகத்தான் சொன்னாள்: குழந்தைக்குப் பிறவிக் கோளாறு இருக்கும் வாய்ப்பு பதினெட்டில் ஒன்று, அதிகம்தான், வயிற்றில் ஊசி இறக்கிக் குழந்தை மிதக்கும் நீரை எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரியும். மார்லா பிசைந்த மாவை அப்படியே விட்டாள். மாவுக் கையோடு பின்வாசலுக்கு வந்து நின்றாள். பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையின் நாற்றம் ஊரை மூடியிருந்தது. அதற்குள் அடுத்த அழைப்பு, ஜோசலின்.

"என்ன பண்ணின?"

"நான் என்னங்க பண்ணினேன்?"

"எதையோ தின்னுருக்க. இல்லாட்டி அந்தச் சமையற்கூடத்துல தரை கழுவுற மருந்தை மூச்சுல இழுத்திருக்க. சோடா?"

"கோடையிலேருந்து தொடல."

"அப்புறம் எப்படி? என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு."

"குழந்தைக்கு என்னவோ இருக்கலாங்கறாங்க. அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஏசறதுக்கு ஆள் தேடறீங்க."

 ஜோசலின் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பயந்திருந்தாள், அது மார்லாவுக்கே தெரிந்தது. ஆனால் சில பேருக்குப் பயம் வந்தால் அழுகை வராது, பல்தான் வெளியே வரும். "ஊசி போட்டுப் பாத்துடணும். தப்பா வந்தா பக்கத்து மாநிலம் ஒரிகானுக்குப் போகணும். உங்க ஊர்ச் சட்டத்துல இங்க கலைக்க முடியாது. ஒப்பந்தத்துல நீ கையெழுத்துப் போட்டிருக்க."

மார்லா போனை அணைத்தாள்.

வீட்டில் டெரல் கேட்டான், "ஒரிகான் எதுக்காம்? கடல் பாக்கவா?" மார்லா காரணத்தைச் சொன்னதும் அவன் சிரிப்பு நின்றது. "ஊசியே வேண்டாம்னு சொல்லு. உன் வயிறு. செல்மாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

செல்மா மார்லாவின் சித்தி மகள். அந்த ஊசி போட்ட வாரத்திலேயே அவளுக்குக் கலைந்துவிட்டது. ஊசியால் இல்லை, அப்படி ஆவது ரொம்ப அபூர்வம் என்று மருத்துவர் சொன்னார். குடும்பத்தில் ஒருத்தரும் நம்பவில்லை.

"ரெண்டைத் தொலைச்சவ நான்," என்றாள் மார்லா. "மூணாவதுல வந்து முடியாதுன்னு எந்த வாயால சொல்றது?"

"நீயா தொலைச்ச? அந்தம்மா சொல்லிச்சுன்னா ஆச்சா?"

மார்லா வெளியே பார்த்தாள். வாசலில் அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது.

ஊசி போடும் நாளில் பனி பெய்து ஓய்ந்திருந்தது. மார்லா படுக்கையில் வயிற்றைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தாள். திரையில் குழந்தை தெரிந்தது. காலை நீட்டி எதையோ உதைத்தது. இந்த ஜீவன்மீது தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பத்திரமாகக் கொடுத்துவிட்டால் போதும், அந்த இரண்டுக்கும் கணக்குத் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அதற்குமேல் ஊசி. ஜன்னலோரம் ராஸ். தலைமாட்டில் ஜோசலின், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முகம் வெளுத்துப்போய்.

மருத்துவர் வரும்வரை இமெல்டா விளக்கிக்கொண்டிருந்தாள். ஜோசலின் இடைமறித்தாள்.

"அந்தப் பதினெட்டு எங்கேருந்து வந்துச்சு? இவ ரத்தத்துல என்ன இருந்துச்சு? அதை முதல்ல சொல்லுங்க."

"ரத்தத்துல பெருசா ஒண்ணுமில்லங்க. ஸ்கேனும் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கணக்கைத் தூக்கிவிட்டது முட்டையோட வயசு."

"வயசா?"

"ஆமா. நாப்பத்தி நாலுன்னு நீங்க சொன்னீங்கல்ல, கணக்கு அங்கேயே ஏறிடும். இதே ரத்தம், இதே ஸ்கேன், முட்டை குடுத்தவ இருபது சொச்சம் வயசுப் பொண்ணா இருந்தா, இந்த அறைக்கே வந்திருக்க மாட்டீங்க. வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

மார்லா தலையைத் தூக்கினாள். "என் வயசு?"

"உங்க வயசுக்கு இதுல வேலையே இல்ல மார்லா. நீங்க சாப்பிட்டதுக்கும் இல்ல."

ராஸ் ஜன்னலை விட்டுத் திரும்பினான். பெண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பார்வையை மார்லா பார்த்தாள். என்னவென்று புரியவில்லை, ஆனால் என்னவோ இருக்கிறது என்று புரிந்தது. ஜோசலின் செவிலியின் பக்கம் திரும்பினாள்.

"இமெல்டா, ஒரு நிமிஷம் வெளிய வரீங்களா? தனியாப் பேசணும்."

"வெளிய என்ன?" என்றாள் மார்லா. "ஊசி யார் வயித்துல? எதுவா இருந்தாலும் இங்க பேசுங்க. என்னைப் பத்திப் பூங்கா நடுவுல பேசினவங்கதானே நீங்க. இப்ப என்ன ரகசியம்?"

"மார்லா சொல்றது நியாயம்," என்றாள் இமெல்டா. "அவங்களுக்குத் தெரியாம ஒண்ணும் பேசறதுக்கில்ல."

கதவைத் திறந்துகொண்டு மருத்துவர் வந்தார். கையுறையை இழுத்து மாட்டினார். "எல்லாம் சரிதானே? ஆரம்பிக்கலாமா? ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல," என்றாள் ஜோசலின்.

ஒன்றுமில்லையாம். ஒரு பொய் வெளியே வராமல் இருக்க, இத்தனை வருஷம் ஏங்கிய குழந்தையின் பக்கத்தில் ஊசியை விடத் தயாராக இருந்தாள் அந்த மகராசி. கல் நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவள் கைப்பையின் வாரை முறுக்கிய முறுக்கில் விரல் நுனிகள் ரத்தம் செத்துப்போயிருந்தன.

மருத்துவர் மார்லாவின் வயிற்றில் குளிர்ந்த மருந்தைத் தடவினார். மார்லா கண்ணை மூடிக்கொண்டாள். செல்மாவை நினைக்கக் கூடாது என்று நினைத்துச் செல்மாவையே நினைத்தாள். உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் ஊசி. இவ்வளவு நீளமா என்று இருந்தது.

"ஜோ," என்றான் ராஸ். அவ்வளவுதான் சொன்னான். இந்தத் தடவை அவன் பிந்தவில்லை.

"வேண்டாம்," என்றாள் ஜோசலின். "நிறுத்துங்க. அந்த முட்டை என்னோடது இல்ல."

மருத்துவரின் கை அப்படியே நின்றது.

"தானமா வாங்கினது. அந்தப் பொண்ணுக்கு இருபத்தி மூணு வயசு."

இமெல்டா ஒன்றும் கேட்காமல் கணினிப் பக்கம் போனாள்.  திரையில் குழந்தை மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. "எழுநூத்துல ஒண்ணு," என்றாள் இமெல்டா திரும்பி. "இதுக்கு ஊசி தேவையில்ல. வேணும்னு நீங்க கேட்டா ஒழிய."

"எடுத்துட்டுப் போங்க அதை," என்றாள் மார்லா. வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரல் சமையற்கூடத்துக் குரலாக மாறியிருந்தது. "மொத ரெண்டு? அது யாரோடது?"

ஜோசலின் தரையைப் பார்த்தாள். "என்னோடது."

"இமெல்டா, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அது ஏன் தங்கல?"

இமெல்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்த ரெண்டைப் பத்தி நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா பொதுவா சொல்றேன். நாப்பதைத் தாண்டினவங்களோட முட்டையில உருவான கரு, எவ்வளவு ஆரோக்கியமான வயித்துல வெச்சாலும் பெரும்பாலும் தங்காது. சின்னப் பொண்ணோட முட்டைன்னா அதே வயித்துல தங்கும். சுமக்கறவங்க யாருங்கறதைவிட முட்டை யாரோடதுங்கறதுதான் பெருசு."

"மறுநாள் பனியில வண்டியைத் தள்ளினா?"

"அதனாலல்லாம் போகாது மார்லா. யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. யாரும் சொல்லாமலே அவளாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டது. மார்லாவுக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

ராஸ் மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளேயே நின்றுவிட்டான். கார்கள் நிற்கும் இடத்தில் ஜோசலின் தனியாக ஓடிவந்து பிடித்தாள். பனியில் வழுக்கும் செருப்பு. சியாட்டில்காரிக்கு எங்கே தெரியப்போகிறது.

"எல்லார்கிட்டயும் சொல்லப்போறியா?"

"மொதக் கேள்வியே இதுதானா? என்னை ஊர் முழுக்க ஓட்டைப் பானைன்னு பேச வெச்சியே, அப்ப உனக்குத் தெரியும்ல உன் முட்டைதான் காரணம்னு?" நீங்களும் வாங்களும் எங்கேயோ போய்விட்டன.

"டாக்டர் சொன்னாங்க. நான் நம்பல. நம்பினா நான்தான் காரணம்னு ஆயிடும்." ஜோசலின் மூக்கைக் கையுறையால் துடைத்தாள். "உனக்கு என்ன, மூணு இருக்கு. எனக்குக் கருப்பை இல்ல. முட்டையும் போச்சு. அந்தக் குழந்தையில என்னோடதுன்னு என்ன இருக்கு சொல்லு? உனக்குத் தெரிஞ்சா நீ என்னை இப்படித்தான் பாப்பன்னு தெரியும். இப்ப பாக்கறியே, இப்படி."

ஒண்ணுமே இல்லதான் என்று சொல்ல மார்லாவின் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஜோசலின் இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள். தர்பூசணி விருந்துக்குச் சரியான பதில்.

"ஊசியைக் கையில எடுக்கற வரைக்கும் வாயத் தொறக்கல நீ," என்றாள். "அதை நான் சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா தொறந்த. அந்தக் குழந்தைக்குள்ள உன்னோடது ஒண்ணாவது இருக்கப்போயித்தான் தொறந்த. இப்ப ஏஜென்சிக்குப் போன் போடு. பானை விஷயத்தை யார் ஆரம்பிச்சாங்களோ அவங்களே முடிக்கணும். எனக்குக் கேக்கற மாதிரி போடு."

ஜோசலின் போட்டாள். ஏஜென்சி நடத்தும் ரோண்டா உற்சாகமாக எடுத்தாள்.

"ரோண்டா, மொத ரெண்டு தடவை தங்காததுக்கு மார்லா காரணம் இல்ல. அது என் முட்டை. இந்தத் தடவை தானமா வாங்கினது. விருந்துல நான் பேசினது பொய். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

"அட, இதுக்கா இவ்வளவு சங்கடப்படறீங்க?" ரோண்டா சிரித்தாள். "அது எங்களுக்கு அப்பவே தெரியுமே. நாப்பத்தி மூணு வயசு முட்டைன்னா வேற என்ன நடக்கும்? இத்தனை வருஷமா இதைத்தானே பாக்கறோம். உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் வாயத் தொறக்கல."

"அப்ப மார்லா?"

"மார்லா நல்ல பொண்ணு. எதைப் போட்டாலும் தாங்குவா."

ஜோசலின் போனைப் பிடித்தபடி மார்லாவைப் பார்த்தாள்.  மார்லாவுக்கு ஞாயிறு ஞாயிறாகக் குனிந்த தன் தலை ஞாபகம் வந்தது. கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"நான்தான் பேசறேன் ரோண்டா. அந்த ரெண்டுக்காகவும் நான் வாராவாரம் மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன். அது தெரியுமா உனக்கு?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "மார்லா, கண்ணு, அது வந்து..."

மார்லா அணைத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.  ஜோசலின் தன் வாடகைக் காரின் கதவைத் திறந்தாள்.

"ஏறு. ராஸ் உன் வண்டியை எடுத்துட்டு வருவாரு."

"பேசாம ஓட்டறதா இருந்தா ஏறுறேன்."

 நாம்ப்பாவுக்குள் நுழையும்போது ஜோசலின் கேட்காமலே சோடாக் கடை ஜன்னலுக்கு வண்டியைத் திருப்பினாள். முன்னால் நின்ற காரில் மார்லாவுக்குத் தெரிந்த இரண்டு பேர் இருந்தார்கள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். ஜன்னலில் இருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"தேங்காய்ப் பாகு ஊத்தினது," என்றாள் ஜோசலின். "இவங்களுக்கு. இருக்கறதுலயே பெரிய கோப்பையா குடுங்க."